தாய் அணைத்திருந்த பக்கம்

குழந்தைகள் வார்டில் ஜெசிந்தா கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது மகன் அவள் மடியில் ஒருக்களித்துக் கிடந்தான்.

"கடலை தின்னும்போது புரையேறுச்சு. அதுலேருந்து மூச்சு சரியில்லைங்கறேன். காதுல விழுதா, இல்லையா?"

பயிற்சி நர்ஸ் செவ்வந்திக்கு முகம் கடுத்தது. "நீங்க வாயை மூடினாத்தானே எனக்கு எதுவும் விழும்?"

ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்தாள். இடது முதுகில் வைத்தாள். வலது பக்கம் தாயின் உடம்போடு ஒட்டியிருந்தது. பிள்ளையைப் பிரிக்கச் சொன்னால் இன்னும் நாலு ஏச்சு விழும்.

"காத்து நல்லாப் போகுது."

"நல்லாவா? விலா உள்ள இழுக்குது, பாரும்மா!"

"நர்ஸ் நீங்களா, நானா?"

வாசலில் நின்ற நர்சிங் ஆசிரியை இம்மாகுலேட் உள்ளே வந்தார். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடது, வலது. மறுபடி இடது, வலது. வலது பக்கம் காற்று ஏறவே இல்லை.

"டாக்டரைக் கூப்பிடு. ஓடு!"

மூச்சுக்குழாய் வலப்புறம் பிரிகிற இடத்திலிருந்து கடலைத் துண்டை எடுத்தார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செவ்வந்தி மெல்ல ஆரம்பித்தாள். "நான் பொய் சொல்லலை சிஸ்டர். காத்து போச்சு."

"இடது பக்கம் போச்சு. அவ என்ன, பாதிப் பிள்ளையா பெத்து வச்சிருக்கா?"

"கடலை வலது பக்கம் போயிருக்கும்னு எனக்கு எப்படி…"

"வலது குழாய் அகலம். நேராவும் இறங்கும். போன வாரம் இதையே கலர் பென்சில்ல வரைஞ்சு 'வெரி குட்' வாங்கினது யாரு?"

செவ்வந்தி உதட்டைக் கடித்தாள். "அந்தம்மா கத்துனதுல ஆத்திரம் வந்துடுச்சு சிஸ்டர்."

"உன் ஆத்திரம் அடங்கற வரைக்கும் அவன் மூச்சு காத்திருக்குமா?"

மாலையில் பிள்ளை வார்டுக்குத் திரும்பினான். ஆசிரியை செவ்வந்தியை அனுப்பினார். "போய் நெஞ்சைக் கேட்டுட்டு வா."

கட்டிலருகே போனதுமே ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். "வாங்க நர்ஸம்மா! என் புள்ள செத்திருந்தா, அப்பவும் நல்லாப் போகுதுன்னுதான் சொல்லியிருப்பீங்க, இல்ல?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். செவ்வந்தி கண் கலங்கித் திரும்பி வந்தாள்.

"அவங்க கோபம் தணியட்டும் சிஸ்டர். அப்புறம் போறேன்."

"அது எதுக்குத் தணியணும்?" என்றார் இம்மாகுலேட். "அவ திட்டட்டும். நீ ரெண்டு பக்கமும் கேளு."