தையலுக்குள் போன முகம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்டுவிட்டுத் திரும்பும்போதும், இப்படியெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் கூடவே வரும்.

சொன்னவர் தாணுலிங்கம். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவர். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகக் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைந்தார். பதிப்பகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறையும் சரிவராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

படங்களை எடுத்துக்கொண்டு ஜெபசீலியிடம் போனார். அவரைவிடப் பதினாறு வயது இளையவர். தையல் கடையில் சேலைக்குப் பூ வரைந்துகொண்டிருந்தவர், தானாகவே கற்று நாற்பது புத்தகங்களுக்குப் படம் போட்டிருந்தார்.

"டீச்சர், என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கிடுங்க."

"காலேஜ்ல படிச்ச ஆளு என்னை டீச்சர்ங்கீங்க. கிண்டலா அண்ணாச்சி?"

"கிண்டல் பண்ற நெலமையிலயா இருக்கேன்? இந்த ஆட்டைப் பாருங்க. எலும்பு, தசை, நிழல், ஒண்ணுலயும் குத்தம் கிடையாது. ஏன் திருப்புறாங்க?"

ஆடு இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஜெபசீலி வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல ஆடு" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து நடுப்பக்கத்தில் விரித்து வைத்தார். மூன்றும் ஒரே புத்தகத்தின் பிரதிகள். வெட்டவெளியில் ஒரு கன்றுக்குட்டி. இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது. முகம் புத்தகத்தின் நடுத் தையலுக்குள் போயிருந்தது.

"என் முதல் புத்தகம். நடு மடிப்புல முகத்தை வைக்கக்கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? அச்சானப் பெறகுதான் தெரிஞ்சுது. வெக்கத்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி, திருப்பித் தாங்கன்னு கேட்டேன். மூணுதான் கெடச்சுது. மத்ததப் பிள்ளைங்க குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

மூன்றிலும் பக்கத்து வெற்றிடத்தில் யாரோ பென்சிலால் கன்றுக்கு முகம் வரைந்திருந்தார்கள். ஒன்று கண்ணாடி போட்டிருந்தது. ஒன்றுக்கு மீசை. ஒன்று நாக்கை நீட்டியது.

தாணுலிங்கம் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"அப்ப நானும் தப்பா வரையணுமா?"

"உங்களுக்கு வராது அண்ணாச்சி. எனக்கு அது கூடப் பொறந்தது."

"பெறகு என்ன செய்ய?"

ஜெபசீலி ஆட்டின் வயிற்றில் விரலை வைத்து ஓரமாகத் தள்ளுவதுபோல் இழுத்தார்.

"இவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க. படிக்கிற பிள்ளை உக்கார இடம் வேணும்லா."

அந்த வாரமே தாணுலிங்கம் ஆட்டை மூலைக்குக் கொண்டுபோனார். மீதியில் ஒன்றும் வரையவில்லை. இந்த முறை படம் திரும்பி வரவில்லை, புத்தகம்தான் வந்தது.

இதெல்லாம் மெய்தானா என்று கேட்டுவிடுவது என்ற முடிவோடு போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். தன்னிடமிருந்த பிரதியைக் கையில் கொடுத்தார். பிரித்தேன். மூலையில் ஆடு, மற்றதெல்லாம் வெள்ளை. அதைப் பார்த்தபடி இருந்ததில், கேட்க வந்தது போய் வேறொன்று வாயில் வந்தது.

"இங்க இதுவரைக்கும் யார் யாரெல்லாம் வந்து உக்காந்தாங்க அண்ணாச்சி?"