வாய் திறந்த ஆள்காட்டிக் குருவி

நாவல் மரங்கள் நிறைந்த ஒரு காட்டில், வயதான யானை ராஜா பதவியிலிருந்து விலகியது. கரடி புது ராஜாவானது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது ராஜா முதல் கவளம் உண்பதற்குள், பழைய மந்திரிகள் எல்லோரும் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும்.

கரடிக்கோ நல்ல பசி. தேனடையை மடியில் வைத்துக்கொண்டு, "ம், கிளம்புங்கள், கிளம்புங்கள்!" என்று விரட்டியது. ஆமை நீந்திப் போனது. மானும் போனது. காவல் மந்திரியான ஆள்காட்டிக் குருவி மட்டும் நின்றது.

"அரசே, கரையோரக் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருக்கிறேன். பொரிக்க ஐந்து நாள் ஆகும். அதுவரை இங்கே இருக்க விடுங்கள். பதவி வேண்டாம்."

கரடி காதைச் சொறிந்தது. "பொழுதெல்லாம் கத்தி என் தூக்கத்தைக் கெடுத்தது நீதானே? சரி, இரு. ஆனால் வாயைத் திறந்தால் அந்த நிமிடமே அக்கரைக்குப் போக வேண்டும். முட்டைகள் இங்கேயே கிடக்கும்."

பாவம், குருவி தலையாட்டியது.

"முயலே, இனி நீதான் காவல் மந்திரி. உன்னிடம் சத்தமே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றது கரடி.

முயல் மீசையை முறுக்கியது. "என்னைப்போல் ஓட யாரால் முடியும், அரசே?"

ஓட்டத்துக்கும் காவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கரடி கேட்டதா? இல்லை. தேனைத் தின்றது, தூங்கிவிட்டது.

மூன்றாம் நாள் நண்பகலில் வேடர்கள் வலையோடு வந்தார்கள். முதலில் பார்த்தது முயல்தான். பார்த்ததும் ஒரே ஓட்டம்! ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. மரத்தடியில் கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அடுத்துப் பார்த்தது குருவி. கத்தினால் முட்டைகளைப் பிரிய வேண்டும். கத்தாவிட்டால் கரடி வலையில் சிக்கும். குருவி முட்டைகளை ஒருமுறை பார்த்தது. பிறகு தொண்டை கிழியக் கத்தியது.

"யாரது?" என்று கரடி கோபமாக எழுந்து பாய்ந்தது. அது படுத்திருந்த இடத்தில் பொத்தென்று வலை விழுந்தது. திரும்பிப் பார்த்த கரடிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. புதருக்குள் புகுந்து தப்பியது.

வேடர்கள் வெறுங்கையோடு போனார்கள். கரடி வெளியே வந்தபோது, குருவி கண்ணீரோடு சிறகை விரித்துக்கொண்டிருந்தது.

"எங்கே போகிறாய்?"

"வாயைத் திறந்துவிட்டேனே, அரசே."

"நீ திறந்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்! போகாதே, நீதான் காவல் மந்திரி. ஆமையையும் மானையும்கூடக் கூப்பிடு. அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்றே நான் கேட்கவில்லை."

இரண்டு நாளில் நான்கு குஞ்சுகளும் பொரிந்தன. அப்போது புதரிலிருந்து முயல் எட்டிப் பார்த்தது. "வேடர்கள் போய்விட்டார்களா?"

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. காடே அதிர்ந்தது.

"உஷ்! மெதுவாக, அரசே" என்றது குருவி. "குழந்தைகள் தூங்குகிறார்கள்."

நீதி: ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கும் முன், அவர் செய்துவந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.