பச்சோந்தி வளர்க்க வந்தவர்

எங்கள் மடத்துக் குருவுக்கு மௌனத்தம்மா என்று பேர். அந்தப் பேரை வைத்தவன் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விடுவேன். நான் மடத்து அடுக்களையில் உலை வைக்க வந்த நாளிலிருந்து அம்மா வாயை மூடி நான் பார்த்ததில்லை. வயது நாற்பதுதான் இருக்கும். ஆனால் ஏச ஆரம்பித்தால் அவரைவிட மூத்த ஆம்பிளைகள் எல்லாம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி நிற்கிறவர்களில் முதல் ஆள் திசையன்விளை பாத்திரக்கடை ஆதிலிங்கம். தலை நரைத்த மனுஷன், அம்மாவுக்குச் சீடர். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். வந்ததும் விழுந்து கும்பிடுவார். கோபத்தை அடக்குவது எப்படி, மனசை அடக்குவது எப்படி என்று கேட்பார். கேட்டு முடித்த கையோடு, கஞ்சியில் உப்பு கூடிப்போச்சு என்று அண்டா அதிர என்னைப் பார்த்துக் கத்துவார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு மீன்தொட்டி. தொட்டியில் மீனும் இல்லை, அது நீந்தத் தண்ணீரும் இல்லை. அடியில் சிவப்புத் துணி விரித்திருந்தது. ஒரு கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. அந்தக் கொத்தின் காம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சோந்தி. பச்சை பேரில்தான் இருந்தது. அடுப்பில் பிடிக்கிற கரித்துணி மாதிரி கறுத்து ஒடுங்கிப்போயிருந்தது.

“என்னது இது?” என்றார் அம்மா.

“பச்சோந்திம்மா. உடைமுள்ளு மரம் வெட்டுத ஆளு ஒருத்தரு பிடிச்சிக் குடுத்தாரு. இதை எப்படி வளக்கணும்னு உங்ககிட்ட கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“நீரு வளக்கப் போறீரா?”

“நான் இல்லம்மா. சொர்ணத்தாயிக்குக் குடுக்கப் போறேன்.”

சொர்ணத்தாய் அவர் மனைவி. கோவித்துக்கொண்டு உடன்குடியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஊருக்கே தெரியும். இவர்தான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், முட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“இன்னைக்குப் போயி கையோட கூட்டிட்டு வந்துருவேன். மரியாதையா வந்தாச் சரி. வரலைன்னா இனிமே வரவே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருவேன். ரெண்டுல ஒண்ணு.”

“அதுக்கு எதுக்கு இந்தச் சீவன்? பெண்சாதிக்கு எவனாவது பச்சோந்தியக் கொண்டுபோயிக் குடுப்பானா?”

“அவளுக்குப் பொருத்தமா இருக்கும்மா. ரெண்டும் ஒரே இனம்லா!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னவே சொல்லுதீரு?”

“நெசத்தைத்தாம்மா சொல்லுதேன். அக்காகிட்ட சிரிப்பா. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சிரிப்பா. நான் கடையை அடைச்சிட்டுத் தெருவுல வரும்போதே அவ சிரிக்க சத்தம் கேக்கும். என் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாப் போதும், டக்குன்னு நின்னுரும். உள்ள போனா எழவு வீடு கணக்கா மூஞ்சி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கதைதான். ஊருக்கு ஒரு நெறம், எனக்கு ஒரு நெறம். இதுக்குப் பேரு பச்சோந்தி இல்லாம என்னம்மா? மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அதுக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போறா!”

கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

“இத்தனைக்கும் நான் கோவப்படவே இல்ல. கோவத்தை எல்லாம் உங்க புண்ணியத்துல விட்டாச்சு!” என்று தொட்டிமேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

உள்ளே இருந்தது இன்னும் கறுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி அடக்கினார்.

“சரி. வளக்கணும்னு கேட்டீருல்லா. தின்னுதுக்கு என்ன குடுத்தீரு?”

“சோறு வச்சேன். தக்காளி நறுக்கி வச்சேன். கடைசியா கேசரிகூட வச்சிப் பாத்தேன். தொட மாட்டேங்கு.”

“கேசரியா?” அம்மாவின் குரல் ஏறிவிட்டது. “உயிரோட அசையுத பூச்சியத் தவிர வேற எதையும் அது ஏறெடுத்துப் பாக்காது வே! ஒரு வெட்டுக்கிளி பிடிச்சிப் போட்டீரா?”

“அதெல்லாம் யாரும்மா ஓடிப் பிடிக்கது?”

“தண்ணி?”

“அந்தா, கிண்ணத்துல வச்சிருக்கேன்லா.”

“கிண்ணத்துல அசையாமக் கெடக்கது தண்ணின்னே அதுக்குத் தெரியாது. எலையில சொட்டு உருண்டு ஓடுனா நக்கிக் குடிக்கும். கண்ணைப் பாரும், எப்படிக் குழி விழுந்து கெடக்குன்னு. நா வறண்டு சாவப் போவுது, கிண்ணம் வச்சேங்காரு!”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியலைன்னா அடைக்கதுக்கு முந்தில்லா கேக்கணும்? அடைச்சித் தூக்கிட்டு வந்து கேக்கீரே, உமக்குக் கூறு இருக்கா? கண்ணாடித் தொட்டி வேற! எந்தப் பக்கம் திரும்பினாலும் அது உருவமே தெரியுது. வேற ஒருத்தன் சண்டைக்கு வந்து நிக்கான்னு நெனச்சிப் பயந்து சாவுது. எப்படித் தூக்குனீரு? மேல இருந்து கைய விட்டா?”

“பின்ன எப்படித் தூக்க?”

“பருந்து அப்படித்தான் வரும்.”

ஆதிலிங்கம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இதை வீட்டுல வைக்கவே கூடாதுன்னாவது தெரியுமா? பாரஸ்ட்காரன் பாத்தாம்னா இதை எடுத்து வெளிய விட்டுட்டு உம்மை உள்ள வைப்பான்.”

“அது இருக்கட்டும்மா, எனக்கு ஒரு சந்தேகம்.” மனுஷனுக்கு ஏச்சு எதுவும் உறைக்கவில்லை. “இருக்க எடத்துக்குத் தக்கன நெறம் மாறும்னுதானே எல்லாரும் சொல்லுதாவ? மஞ்சத் துணி விரிச்சேன். நீலம் விரிச்சேன். இப்ப செவப்பு. கடைக்கு வந்த அத்தனை பேரும் சுத்தி நின்னு பாத்தாச்சு. ஒண்ணுக்கும் மாறல்ல, கறுப்பாவே கெடக்கு. அந்த மரம் வெட்டுதவன் என்னை ஏமாத்திட்டானோ?”

துணி மாற்றி மாற்றி விரித்துப் பார்த்திருக்கிறார்! பாத்திரக்கடைக்காரர் அல்லவா, எதையும் தட்டிப் பார்த்துத்தான் பழக்கம். அந்தத் தொட்டியை எத்தனை தடவை தட்டினாரோ!

அம்மா தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அங்கே ஒரு புங்கமரம் உண்டு. தாழ்ந்த கிளையோடு தொட்டியைச் சாய்த்துப் பிடித்தார். பச்சோந்தியைத் தொடவில்லை. கை கடுத்திருக்கும், ஆனாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து அது ஒரு காலை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டிக் கிளையைப் பற்றியது. மெல்ல ஏறி இலைக்குள் போனது.

அம்மா ஒரு துண்டை வாளியில் முக்கி மேல்கொப்பில் தொங்கவிட்டார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழுந்து உருண்டது.

“ஆதிலிங்கம், நீரு அடுக்களைக்குப் பின்னால போயி நில்லும்.”

“எதுக்கும்மா?”

“போம்னா போம்.”

போனார். அம்மா மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். “ஏல நயினாரு, அதையே உத்துப் பாக்காத. நீ அரிசியக் களை” என்றார். நான் கிணற்றடியில் உட்கார்ந்து அரிசி களைந்தேன். ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் அதன் கண் ஒன்று சுழன்றது. பிறகு நாக்கு வெளியே வந்து ஒரு சொட்டை நக்கியது. இன்னொரு சொட்டு. விடாமல் குடித்தது. குடிக்கக் குடிக்க வாலிலிருந்து கறுப்பு விலகிக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தளிர்ப் பச்சை, விலாவில் மஞ்சள் பட்டை. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை.

“அடேயப்பா!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுக்களைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. “என்னல? மாறிட்டா?”

“மாறிட்டு!”

“என்ன நெறம்?”

“பச்சை!”

செருப்பு படபடக்க ஓடிவந்தார். ஓடிவரும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது அது கறுத்திருந்தது.

“எங்கல பச்சை? பொய்யா சொல்லுத?”

“மறுபடியும் போயி நில்லும்” என்றார் அம்மா.

மறுபடி போனார். மறுபடி அது பச்சையானது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான், “வாரும்” என்று கூப்பிட்டார். மெல்லத்தான் வந்தார். ஆனால் வந்து சேர்ந்ததும் கிளையை எட்டிப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராக வளைத்தார். கறுப்பு.

மூன்றாம் தடவை போகச் சொன்னபோது துண்டை உதறித் தரையில் எறிந்தார்.

“போவ மாட்டேன்! உங்களுக்குக் காட்டுது. கஞ்சி காய்ச்சுத இந்தப் பயலுக்குக் காட்டுது. கொண்டாந்த எனக்குக் காட்டாதோ? யாரு வீட்டுச் சோத்தை வச்சேன் அதுக்கு? நாய்க்கு இருக்க நன்றி இல்லையே இந்தச் சவத்துக்கு!”

கிளையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பச்சோந்தி உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு வாயைப் பிளந்து சீறியது. விழாமல் இருக்க நாலு காலாலும் வாலாலும் கொப்பை இறுக்கிக்கொண்டது.

“கைய எடும்வே!”

ஆத்தாடி, அந்தச் சத்தத்தில் அரிசிப்பானை என் கையிலிருந்து நழுவிவிட்டது. ஆதிலிங்கம் கையை எடுத்துவிட்டார். அம்மா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“எதுக்கும் மாறல்லைன்னு சொன்னீரே” என்றார் அம்மா. “இப்ப ரெண்டு தடவை மாறிச்சே.”

“அதான் எதுக்குன்னு கேக்கேன்! துணி இல்ல, ஒண்ணும் இல்ல. எதைப் பாத்து மாறுது?”

அம்மா அவர் காலைப் பார்த்தார். ஆதிலிங்கமும் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலில் செருப்பு இருந்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. சமாதானம் என்று நினைக்காதீர்கள். முன்னைவிட அதிகமாகக் கொதித்தது.

“நான் என்னம்மா செஞ்சேன்? அவளை ஒரு நாளாவது கை நீட்டி அடிச்சிருப்பனா? ஊர்ல கேட்டுப் பாருங்க! சோத்துக்கு இல்லைன்னு விட்டனா? துணிமணிக்கு இல்லைன்னு விட்டனா?”

அம்மாவைப் பார்த்து அவர் குரல் உயர்த்தியது அன்றுதான். அம்மா விடுவாரா?

“அந்தத் தொட்டிக்குள்ளயும் சோறும் துணியும்தாம்வே கெடந்துது!”

ஆதிலிங்கம் தான் எறிந்த துண்டை எடுத்து உதறினார். முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இரக்கம் வந்திருக்கும், அன்றைக்கு எனக்கு இரக்கப்படப் பிடிக்கவில்லை.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். உடன்குடிக்குப் போகவேண்டுமே என்று அவருக்கு அவசரம்.

ஆதிலிங்கம் காலியாய்க் கிடந்த தொட்டியை எடுக்கக் குனிந்தார். எடுக்கவில்லை.

“நான் போவட்டுமா வேண்டாமாம்மா?” என்றார். “அதை மட்டும் சொல்லுங்க.”

“போம்” என்றார் அம்மா. “தெருவுல நடக்கும்போதே அவ சிரிக்க சத்தம் கேக்கும். அது நிக்கதுக்கு முந்தி நீரு நில்லும்.”