இனித்த கண்ணீர்

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைச் சேந்தவர்மன் என்றோர் அரசன் ஆண்டான். இந்தக் கதை தொடங்கிய பகலில் அவனுடைய கிச்சிலித் தோட்டத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசன் ஒருவன். மந்திரி அம்பலத்தாடி ஒருவர். அரண்மனை மாந்திரீகன் கோளரி ஒருவன். கைகள் கட்டப்பட்ட தோட்டக்காரன் உலகாண்டி ஒருவன். அவனைப் பிடித்திருந்த காவலர் இருவர். குழி வெட்டுகிறவர் இருவர். ஆக எட்டுப் பேர். ஒன்பதாவதாக, இறந்துபோன அரசியும் நிற்கிறாள் என்று கோளரி சொன்னான்.

கிச்சிலி, அதாவது ஆரஞ்சு மரங்கள் நாற்பது. அத்தனையும் அரசி தன் கையால் நட்டவை. அவள் இறந்த பிறகு இலைகள் மை பூசியதுபோல் கறுத்தன. மேகமே இல்லாத பகலில் மரங்கள் சொட்டின. துளி தோளில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆறு மாதமாக இப்படி.

"அரசி அழுகிறாள். இவன் அவள் மரத்தில் கத்தி வைத்தான். இவனை உயிரோடு வேரடியில் இறக்கினால்தான் அழுகை நிற்கும்" என்றான் கோளரி.

"காய்ந்த கிளையைத்தான் வெட்டினேன், மகாராசா" என்றான் உலகாண்டி.

அரசன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அருகில் இருக்கிறாள் என்பது அவனுக்குப் பயமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. அதனால் மறுக்கவில்லை.

கோளரி ஒவ்வொரு மரத்திலும் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தான். ஆவிக்குப் படையலாக வேரடியில் நாள்தோறும் ஒரு குடம் பானகம் ஊற்றினான். மந்திரி அதைப் பார்த்தார்.

"எலுமிச்சை சாதி மரத்துக்கே எலுமிச்சம்பழமா, சாமி? யார் கண்ணை யார் கழிப்பது?"

"ஓலை படிக்கிறவருக்கு ஆவி புரியாது, மந்திரியாரே."

"புரியவில்லைதான். ஒரு சந்தேகம். கண்ணீர் எப்படி இருக்கும்?"

"உப்புக் கரிக்கும். இதுகூடத் தெரியாதா?"

"அரசே, ஒரு துளி ருசி பாருங்கள்."

அரசன் உள்ளங்கையை நீட்டினான். துளி விழுந்தது. நாக்கில் வைத்தவன் முகம் வெளுத்தது.

"இனிக்கிறது."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. இலையிலிருந்து இலைக்குத் துளி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று கோளரி கத்தினான். "குழியைப் பார்த்து மகிழ்கிறாள்!"

"குழி வெட்டத் தொடங்கி ஒரு நாழிகைதான் ஆகிறது. ஆறு மாதமாக எதைப் பார்த்து மகிழ்ந்தாள்?"

மந்திரி ஓர் இலையைத் திருப்பினார். அடியில் அரிசிமாவு அப்பியதுபோல் வெள்ளை. கிளையிலிருந்து ஒடித்த முள்ளால் தொட்டார். மாவு மெல்லக் கால்களை அசைத்தது. காவலர் இருவரும் பின்வாங்கினர்.

"மாவுப்பூச்சி, அரசே. ஊசிபோன்ற வாயால் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. மிஞ்சியதைச் சொட்டவிடுகிறது. அந்தத் தித்திப்பில்தான் கரும்பூசணம் பிடிக்கிறது."

"அப்படியென்றால் நான் நாக்கில் வைத்தது..."

"அதை மட்டும் கேட்க வேண்டாம், அரசே."

அரசன் சிரிக்கவில்லை. "அவள் வரவில்லையா?" என்று மெதுவாகக் கேட்டான். மந்திரி தலை குனிந்தார்.

"பொய்!" என்றான் கோளரி. "பூச்சி என்றால் குருவியும் வண்டும் தின்றிருக்காதா?"

"காவல் இருக்கிறதே" என்று மந்திரி அடிமரத்தைக் காட்டினார். எறும்புகள் ஒரு கயிறுபோல் மேலேறிக்கொண்டிருந்தன. "தித்திப்புக்காக எறும்பு இந்தப் பூச்சியை மாடுபோல் வளர்க்கிறது. தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகிறது. அந்தக் காவலுக்குத் தினமும் பானகம் ஊற்றிப் பெருக்கியவர் நீர்தான், சாமி."

அரசன் தீர்ப்புச் சொன்னான். "மந்திரிக்கும் கோளரிக்கும் ஆளுக்கு இருபது மரம். அடுத்த அமாவாசையில் பார்ப்பேன். மந்திரியின் மரங்கள் சொட்டினால் உலகாண்டி குழியில் இறங்குவான். அதுவரை குழி திறந்தே இருக்கட்டும்."

கோளரி பானகத்தை இரண்டு குடமாக்கினான். மந்திரி உலகாண்டியின் கைக்கட்டைக் காலுக்கு மாற்றச் சொன்னார். அவன் பூந்திக்கொட்டை நுரையால் இலைகளைக் கழுவினான். தரையையும் பக்கத்து மரத்தையும் தொட்ட கிளைகளை வெட்டினான். அடிமரங்களில் துணி சுற்றி, ஆமணக்கெண்ணெயில் காய்ச்சிய பலாப்பாலைப் பூசினான். கீழே இருந்த எறும்பால் அந்தப் பிசினைத் தாண்டி மேலே போக முடியவில்லை. ஒன்பதாம் நாள், முதல் பொறிவண்டு வந்தது.

அமாவாசைப் பகலில் அரசன் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மந்திரியின் இருபது மரங்களின் கீழும் நடந்தான். துண்டு வெள்ளையாகவே இருந்தது. கோளரியின் முதல் மரத்துக்கு வந்ததும் துண்டு கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

அரசன் உலகாண்டியின் கால்கட்டைத் தானே குனிந்து அவிழ்த்தான். தோட்டத்தின் முழு அதிகாரத்தையும் அவனுக்கே கொடுத்தான். மந்திரிக்குத் தன் கைக்கடகத்தைக் கொடுத்தான்.

"கோளரி, உன் மரங்களின் இலைகளை நீயே துடை. ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும். அரசியின் பெயரைச் சொல்லாமல் துடை."

உலகாண்டி முதல் மரத்தின் இலைகளை எண்ணிச் சொன்னான்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. கோளரி துடைக்கத் தொடங்கினான். ஒவ்வோர் இலையைத் திருப்பும்போதும், அடியில் இருப்பவை எல்லாம் அசையாமல் நின்று தன்னையே பார்ப்பதாக அவன் முனகினான். பொழுது சாய்வதற்குள் நானூற்றொன்பது இலைகள் முடிந்தன.

அந்த ஒரு மரத்தில் மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.