வரப்பில் ஏறிய ஒக்பூன்

மாடுகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கொரிய நாட்டு மலையடிவாரத்தில் ஒக்பூன் என்றொரு பெண் இருந்தாள். நாற்று நடுவதில் அவள் கைக்கு ஈடு அந்த ஊரில் இல்லை.

அன்று அவள் வயலில் நடவு. ஓடைத் தண்ணீர் அவள் முறைக்கு மாலைவரைதான். பறித்த நாற்றோ மறுநாள்வரை தாங்காது. நடவுக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். எட்டும் எட்டு விதம். மன்சிக் விறுவிறுவென்று நட்டுவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை இடுப்பில் கைவைத்து நின்றான். சூன்தோக் ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு கதை சொன்னாள். வரிசை பாம்பாக நெளிந்தது.

"மூன்று தடவை உழுது கொடுத்தேன். மிதித்தே கெடுக்கிறார்கள்," என்றது வரப்பில் நின்ற எருது.

"நீயும் ஆரம்பிக்காதே," என்றாள் ஒக்பூன்.

மன்சிக்கிடம் போனாள். "அண்ணா, கொஞ்சம் நிதானமாக நடுங்களேன்."

"அந்த ஆமைகளைப் போய் வேகமாக நடச் சொல்."

சூன்தோக்கிடம் போனாள். "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்."

"அவசரமாக நட்டால் வேர் பிடிக்காதம்மா. எங்கள் மாமியார் ஒருதடவை..."

உச்சிப்பொழுது தாண்டியும் பாதி வயல் வெறுஞ்சேறாகக் கிடந்தது. ஒக்பூனுக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த நாற்றுமுடியைச் சேற்றில் வீசிவிட்டு வரப்பில் ஏறினாள். சோற்றுவேளைக்கு ஆட்களைக் கூப்பிடும் மேளம் அங்கே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

"பொழுது போகுது! தண்ணி போகுது!"

சொல்லுக்கு ஓர் அடி. அடிக்கு ஒரு நாற்று. எட்டுக் கைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன.

"நடுகிறோம், நடுகிறோம்," என்று எரிச்சலோடு முனகினான் மன்சிக். அந்த முனகலும் தாளத்தில் விழுந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒக்பூன் மேளத்தை வைத்துவிட்டு வயலில் இறங்கினாள். நான்கு நாற்று நடுவதற்குள் வரிசை மறுபடி கோணியது.

"மேலே ஏறு," என்றது எருது.

"என் ஒரு கை அவர்களில் மூன்று பேருக்குச் சமம்."

"இருக்கட்டுமே. நீ இறங்கினால் எட்டுப் பேரும் கெடுகிறார்களே."

மனமில்லாமல்தான் ஏறினாள். வாயில் வந்த வசவையெல்லாம் பாட்டாக்கி அடித்தாள். வெயில் சாயும்போது கடைசி நாற்றும் ஊன்றியாகிவிட்டது.

மன்சிக் முதுகை நிமிர்த்தினான். "நாளைக்கு என் வயலுக்கு வா. நட வேண்டாம், திட்டினால் போதும்."

ஒக்பூன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. மறுநாள் மேளத்தோடு போனாள்.

அந்த நடவிலிருந்துதான் கொரிய வயல்களில் ஒருவர் மட்டும் சேற்றில் இறங்காமல் மேளமடித்துப் பாடுகிறார். மற்றவர்கள் குனிந்தபடியே பதில் பாடுகிறார்கள்.