நேர்நடை நண்டும் உடைந்த ஏரியும்

அந்தக் காலத்தில், எருமையும் மீனும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், நண்டு நேராகத்தான் நடந்தது. நூல் பிடித்தாற்போல அப்படி ஒரு நேர். கரையில் அது வந்தால் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். நண்டுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பாவம், அதனிடம் வேறு என்ன அழகு இருந்தது?

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி, அடியிலிருந்த களிமண் பாளம் பாளமாக வெடித்தது. அது போதாதென்று ஆடிக் காற்று வேறு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மண் பாளம் எம்மாத்திரம்? அத்தனையும் பெயர்ந்து, கலைந்து, கரையோரம் குவிந்துவிட்டது. ஏரிக்குள் வெறும் மணல்தான் மிச்சம்.

மதகடியில் ஒரு குழியில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு தாய் விரால் தன் குஞ்சுகளோடு ஒடுங்கிக் கிடந்தது.

"மேகம் கட்டுதுக்கா, இனி கவலையில்ல" என்றது நண்டு.

"மழை வந்து என்ன பண்ண? அடியில மணலு. விழுற தண்ணியெல்லாம் உறிஞ்சிரும். இந்தக் குழியும் வத்திட்டா எம்புள்ளைங்க..." விரால் குஞ்சுகளைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டது.

முன்பு ஒருமுறை நண்டு ஓடு கழற்றி, உடம்பு மெத்தென்று கிடந்தபோது, கொக்கின் கண்ணில் படாமல் தன் வயிற்றுக்கடியில் வைத்துக் காத்தது இந்த விரால்தான்.

"பாளத்தையெல்லாம் பழையபடி பதிச்சிருவோம்கா" என்றது நண்டு.

எருமை உதவிக்கு வந்தது. "தண்ணி நடுவுலதானே நிக்கும்? நடுவுலேர்ந்து ஆரம்பி" என்று ஒரு பாளத்தைத் தள்ளிக்கொண்டுபோய்ப் போட்டது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேரவில்லை. ஓங்கி ஒரு மிதி மிதித்தது. பாளத்தின் மூலை பொடிப்பொடியாகிப் போனது.

"மிதிச்சா பொருந்திருமாண்ணே?"

"அப்ப நீயே பண்ணிக்க" என்று எருமை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது.

நண்டு யோசித்தது. நடு எங்கே என்று யாருக்குத் தெரியும்? கரை எங்கே என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். முதலில் குப்புறக் கிடந்த பாளங்களைப் பாசி மேலே வரும்படி புரட்டிப் போட்டது. அருகம்புல் வேர் ஒட்டியிருந்தவற்றைப் பொறுக்கிக் கரையை ஒட்டிச் சுற்றிலும் பதித்தது. பிறகு நத்தை ஊர்ந்த தடம் ஒரு பாளத்தில் அறுந்து எதில் தொடர்கிறது என்று பார்த்து உள்நோக்கிச் சேர்த்தது. இரண்டு பாளங்கள் கூடியபோது நடுவே ஒரு முழுக் குளம்படி தெரிந்தது.

"அட, இது என் காலு!" என்று எருமை கோபத்தை மறந்து எழுந்து வந்தது.

ஆனாலும் வேலை ஓடவில்லை. அடுத்த பாளம் உட்கார வேண்டிய பள்ளத்தின் வடிவத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு நண்டு குவியலை நோக்கித் திரும்பி நடக்கும். போய்ச் சேர்வதற்குள் வடிவம் மறந்துபோகும். வேறெதையோ எடுத்து வரும். வானமோ கறுத்துக்கொண்டே வந்தது.

நண்டு ஒரு முடிவுக்கு வந்தது. பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உடம்பையும் திருப்பவில்லை. அப்படியே பக்கவாட்டில் ஒரு காலை எடுத்து வைத்தது. கால்கள் பின்னிக்கொள்ள, தடுமாறி விழுந்தது. தவளைகள் கொல்லென்று சிரித்தன. எழுந்து மறுபடி வைத்தது. கண் பள்ளத்தில், கை குவியலில். கொடுக்கால் விளிம்பைத் தடவித் தடவிச் சரியான பாளத்தைக் கண்டுபிடித்தது. எருமை அதை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது.

"கால் கோணிக்கிட்டுப் போகுதே, நண்டு! உன் நடை என்னாகும்?" என்று விரால் பதறியது.

"நடை கெடக்கட்டும்கா. மழைக்கு முன்னாடி முடியணும்."

கடைசிப் பாளமும் உட்கார்ந்தது. எருமை மிதித்து நொறுக்கிய மூலையில் மட்டும் ஓர் ஓட்டை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நண்டு சட்டென்று அந்த ஓட்டைக்குள் இறங்கி, சேற்றை அள்ளி அள்ளித் தன்னைச் சுற்றி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் நின்றது, உயர்ந்தது. குழியைத் தாண்டி விரால் குஞ்சுகள் ஏரி முழுக்க நீந்தின.

மழை விட்டு, வண்டல் படிந்து ஓட்டை மூடிக்கொண்டதும் நண்டு கரையேறி, பழையபடி நேராக நடக்கப் பார்த்தது. முடியவில்லை. எட்டு வைத்தால் கால் பக்கத்துக்கே போனது. இந்த முறை தவளைகள் சிரிக்கவில்லை. எருமை தலையைக் குனிந்துகொண்டது.

"என்னாலதானே" என்று விரால் அழுதது.

நண்டு கரையோரமாக, ஏரியைப் பார்த்தபடி நாலெட்டு நடந்து பார்த்தது. "இது ஒண்ணும் மோசமில்லக்கா. நேரா நடந்தா எதிர்ல இருக்கிறதுதான் தெரியும். இப்படி நடந்தா, போற வழியெல்லாம் உன் புள்ளைங்களப் பாத்துக்கிட்டே போகலாம்."

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. நடை கோணல் என்று நாம்தான் சொல்கிறோம்; அது இன்னும் ஏரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.