ஆறு சாஃப்ட்வேரும் ஒரு கடற்கரை ஷாட்டும்

“எந்த சாஃப்ட்வேர் வாங்கறது மேடம்? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்.”

செருப்பைக் கழற்றுவதற்குள் குலசேகரன் கேட்டுவிட்டான். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது, இன்னொன்று காலிலேயே இருந்தது.

ஷாஹிதா நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.

விருகம்பாக்கத்தில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடை. அதன் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கடகடவென்று ஒரு ஃபேன். அவ்வளவுதான் அந்தக் குருவின் ஆசிரமம்.

சினிமாவில் நடிகரைத் தனியாக எடுப்பார்கள், பின்னால் தெரிய வேண்டிய இடத்தைத் தனியாக எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கும் வேலைக்குக் கம்பாசிட்டிங் என்று பெயர். ஒட்டின இடம் தெரியக் கூடாது. அதில் ஷாஹிதாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமமே சொல்லும். குலசேகரனும் அதே வேலைக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவன்; அவனை விடப் பன்னிரண்டு வயது சின்னவள் ஷாஹிதா. இருக்கட்டுமே! தெரிந்தவளிடம்தானே கேட்க முடியும்?

“மூணு வாரமா மண்டை காயுது மேடம். ஆறு சாஃப்ட்வேர் இறக்கி வச்சிருக்கேன், எல்லாம் ட்ரையல். சிலதுல படத்தை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். சிலதுல கட்டம் கட்டமா வச்சு கோடு இழுத்துச் சேக்கணும். ஒண்ணு பறக்குது, ஆனா முடி கலங்குது. இன்னொண்ணுல முடி பளிச்சுன்னு வருது, மெஷின் படுத்துடுது.”

“ம்.”

“யூட்யூப்ல ஒருத்தன் இதுதான் பெஸ்டுங்கறான். அடுத்த வீடியோவுல அவனே அதைக் குப்பைங்கறான்.”

“ம்.”

“நீங்க எதுல பண்றீங்க மேடம்?”

“அன்னிக்கு எது திறந்திருக்கோ அதுல.”

இது ஒரு பதிலா? குலசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் விரித்தான். மேலே ஆறு சாஃப்ட்வேர்களின் பெயர்கள், பக்கவாட்டில் நாற்பது கேள்விகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை விசாரிக்க மாட்டான்.

ஷாஹிதா தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, டம்ளரை அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

“குடிங்க அண்ணே.”

“டீ குடிக்கிற நேரமா மேடம் இது? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு ஷாட் முடிச்சு அனுப்பணும். டைரக்டருக்குப் பிடிச்சா மொத்தப் படமும் எங்களுக்கு. இல்லேன்னா வேற ஸ்டுடியோவுக்குப் போயிடும். இதுவும் போச்சுன்னா பூட்டுப் போட வேண்டியதுதான். என்னை நம்பி நாலு பேர் இருக்காங்க மேடம்.”

மணி அப்போது பன்னிரண்டே முக்கால்.

“ஷாட்டைக் காட்டுங்க.”

ஹார்ட் டிஸ்கைச் செருகினான். சாஃப்ட்வேருக்கு ஒன்றாக ஆறு படங்கள் வந்தன. ஆறிலும் ஒரே பெண். பச்சைத் துணிக்கு முன்னால் நின்று அழுத கதாநாயகி, இப்போது கடற்கரையில் நின்று அழுதாள். காற்றில் முடி பறந்தது.

ஷாஹிதா பார்ப்பதற்குள் குலசேகரன் மௌஸைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். காதோரத்து முடி ஒன்று திரை முழுக்கக் கயிறு மாதிரி கிடந்தது. இந்தத் தொழில்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. ஓரத்தில் பின்துணியின் பச்சை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போவார்கள்.

“மூணாவதுல பாருங்க, லேசாப் பச்சை நிக்குது. அஞ்சாவது சுத்தம். ஆனா அது மெஷினைத் திங்குது. அதனால நாலாவது...”

“அண்ணே, எந்திரிங்க.”

எழுந்தான்.

“வாசல் வரைக்கும் போங்க.”

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. வெளியே போகச் சொல்கிறாளா? நல்லது கெட்டது கேட்க வந்தவனை இப்படியா விரட்டுவது?

“போங்கண்ணே.”

போனான். ஷாஹிதா படங்களைச் சின்னதாக்கி, ஆறையும் திரையில் வரிசையாக வைத்து, மறைக்காமல் நகர்ந்துகொண்டாள்.

“இப்ப பாருங்க.”

“ஆயிரம் தடவை பார்த்தாச்சு மேடம். இங்கேர்ந்து முடி எங்க தெரியும்?”

“முடி தெரியல. வேற என்ன தெரியுது?”

அவன் வாட்சைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி வாட்சைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தபோது கண் அங்கேயே நின்றுவிட்டது.

கடலுக்கு மேல் வலது பக்கம் சூரியன் தகதகவென்று எரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்திலோ வெளிச்சம் இடது பக்கமிருந்து அடித்தது. சூரியன் இருந்த பக்கத்துக் கன்னம் இருட்டாக இருந்தது.

ஆறிலும்.

“ஐயையோ!” என்றான். “மூணு வாரம் மேடம்! எனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?”

ஷாஹிதா, அவன் தொடாத டீயை எடுத்துத் தானே குடித்தாள்.

குலசேகரன் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டான். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போயிற்று. இரண்டாம் தடவை ரோஸ்லின் எடுத்தாள். அங்கே வேலை பார்க்கும் நாலு பேரில் மூத்தவள், ஆறு வருஷமாக இருப்பவள்.

“ரோஸ்லின், சூரியன் தப்பான பக்கம் இருக்கும்மா!”



“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“முதல் நாளே சொன்னேனே சார். எந்த சாஃப்ட்வேர்னு முதல்ல முடிவாகட்டும், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டீங்க.”

குலசேகரன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது. ஷாஹிதாவைப் பார்த்தான். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு மணிக்குள்ள சரி பண்ண முடியுமாம்மா?”

“முடியும் சார்.”

“எதுல பண்ணுவீங்க? உங்க நாலு பேருக்கும் எது நல்லாக் கைவருது?”

  

“இந்த மூணு வாரத்துல,” என்றாள் ரோஸ்லின், “இன்னிக்குத்தான் சார் எங்களைக் கேக்கறீங்க.”